திரும்பிப் பார்க்கிற நாய்

குட்டி கேட்டு அழைப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள்: தலை பெரிதாக வருமா, என்ன நிறம், பேப்பர் (வம்சாவளிச் சான்று) உண்டா. தாய் எப்படிப்பட்ட நாய், தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா, குட்டிகள் வீட்டுக்குள் வளர்கின்றனவா கொட்டகையில் வளர்கின்றனவா என்று கேட்பவர்கள் அபூர்வம். ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில், நெல்லும் தென்னையும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் வேலை வழி லாப்ரடார்களை வளர்த்து, எப்போதாவது ஒரு ஈற்று எடுப்பவள் நான். கேட்கப்படாத அந்தக் கேள்விகளுக்கு உரிய பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொலைபேசியில் தொண்டைத் தண்ணீர் வற்றாது என்பதால் இந்தப் பதிவு.

நம் ஊர்களில் லாப்ரடார் என்று அறியப்படுவது பெரும்பாலும் கண்காட்சி வழி நாய். அகன்ற மார்பு, கனத்த தலை, உருண்ட உடம்பு, சாவதானமான நடை. வேலை வழி நாயும் அதே இனம், அதே பதிவேடு; ஆனால் உடம்பு மெலிந்து, கால் சற்று நீண்டு, முகம் குறுகி இருக்கும். என் நாய்களைத் தெருவில் கூட்டிப் போகும்போது, "கிராஸா இது?" என்று கேட்காதவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. உருவத்தைப் பார்த்து வாங்க வருகிறவர் உருவத்தைப் பார்த்தே வேண்டாம் என்று போய்விடுவது இருவருக்கும் நல்லது.

இந்த இனம் உருவான கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் இந்த வேறுபாடு விளங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில், மீனவர்களோடு படகில் போய், நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் குளிர்ந்த கடலில் நீந்தி எடுத்துவந்த நாய்கள்தான் இதன் மூதாதைகள். 19ஆம் நூற்றாண்டில் மீன் வணிகக் கப்பல்களில் அவை இங்கிலாந்துக்கு வந்தன. மாம்ஸ்பரி, பக்ளூ ஆகிய பிரபுக் குடும்பங்கள் அவற்றை வேட்டை நாய்களாகப் பெருக்கின. 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும், 1917இல் அமெரிக்க கென்னல் கிளப்பும் தனி இனமாக ஏற்றன. அதன் பிறகு ஒரு கூட்டம் கண்காட்சி மேடைக்காகவும் மற்றொரு கூட்டம் களத்துக்காகவும் நாய்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதில், தலைமுறைகள் செல்லச் செல்ல இரண்டு வழிகளும் விலகிப் போயின.

களத்தில் இந்த நாயிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலையைக் கவனித்தால் ஒன்று புரியும். துப்பாக்கி வெடிக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்த பறவையின் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்ன பிறகுதான் புறப்பட வேண்டும். வழியில் தடுமாறினால் நின்று, தொலைவில் இருக்கும் மனிதரின் கையசைவைப் பார்த்து, அவர் காட்டும் திசையில் போக வேண்டும். கிடைத்ததைக் கடிக்காமல், நசுக்காமல், கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். ஓடுவது, நீந்துவது, மோப்பம் பிடிப்பது எல்லாம் பல இனங்கள் செய்யும். நூறு கஜத்துக்கு அப்பால் தனக்கு விருப்பமான ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நின்று, திரும்பி, மனிதரைப் பார்ப்பதுதான் இந்த வழியின் சொத்து.

நம்முடைய சிப்பிப்பாறையையும் கன்னியையும் இதோடு ஒப்பிட்டுத் தாழ்த்துபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணால் பார்த்து விரட்டும் நாய், முயல் திரும்பும் கணத்தில் தானே முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எஜமானரைத் திரும்பிப் பார்க்கிற நாயை நம் முன்னோர்கள் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்காக வந்த வேறு வேறு புத்தி. பிள்ளைகளோடு வாய்க்காலுக்கும், அப்பாவோடு நடைக்கும், அம்மாவோடு கடைத்தெருவுக்கும் போகவேண்டிய குடும்ப நாய்க்கு எந்தப் புத்தி வசதி என்பதுதான் இங்கே பேச்சு.

வேலை வழி நாய் என்றதும் இணையத்தில் எல்லோரும் சொல்லும் சொல் 'டிரைவ்'. துடிப்பு, வேகம், விடாப்பிடி. இவை உண்டா என்று பார்த்து இனப்பெருக்கம் செய்வது எளிது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும். காணொளியில் அழகாகவும் இருக்கும். ஆனால் துடிப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மதகில்லாத வாய்க்கால் மாதிரிதான் ஆகும். நான் ஜோடி தேடும்போது முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, ஆசை உச்சத்தில் இருக்கும்போதும் அந்த நாய் மனிதரோடு தொடர்பில் இருக்கிறதா. மற்றொன்று, வேலை முடிந்தபின் அது அடங்குகிறதா. களத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு போய்வரும் திண்ணையில் படுத்து உறங்கத் தெரியாத நாய், எத்தனை வேகமாக ஓடினாலும் வீட்டுக்கு உகந்ததில்லை. வேலை வழியிலிருந்து குட்டி வாங்கி ஒரே ஆண்டில் சலித்துக் கொடுத்துவிடும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது குணத்தைப் பற்றி யாரும் சொல்லாமல் வாங்கியவர்கள்தாம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை; அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆகவே பறவையை வைத்து நாயைச் சோதிக்கும் வழி நமக்குக் கிடையாது. பறவைக்குப் பதிலாக எறிய, கித்தான் துணியில் பொதிபோலத் தைத்த டம்மியும், தண்ணீருக்கு உரித்த தேங்காய் மட்டையும் போதும். மட்டை மிதக்கும், செலவில்லை, தொலைந்தாலும் கவலையில்லை. வாயில் கவ்வும்போது நார் பிய்கிறதா என்று பார்த்தால் நாயின் வாய் மென்மையானதா முரடா என்பதும் தெரிந்துவிடும்.

டெல்டாவிலேயே இயற்கையாகக் கிடைக்கும் மிகக் கடினமான தேர்வு ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும் பருவம் அது. சென்ற ஆண்டு சம்பா அறுப்புக்குப் பின், என் கறுப்புப் பெட்டையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பெரிய கூட்டம் வாய்க்காலைக் கடந்து ஏறிவந்தது. "அக்கா, நாயப் புடிச்சுக்குங்க, கலைஞ்சுச்சுன்னா அள்ள முடியாது" என்று வாத்து மேய்ப்பவர் தூரத்திலிருந்தே கூவினார். நான் வாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்; உட்கார்ந்தாள். முதல் வாத்து எங்களுக்கு நாலு முழத் தொலைவில் கடந்தது. அவளுடைய முன்னங்கால் நடுங்கியது, காது முன்னே வந்தது, வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது, தொண்டைக்குள் கேட்டும் கேட்காமலும் ஒரு முனகல். வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிட்டுக்கொண்டு போக, அவள் கண் அவற்றோடு போய், பாதியில் நின்று, என் முகத்துக்கு வந்தது. மறுபடி வாத்து, மறுபடி என் முகம். கடைசி வாத்து போகும்வரை பிட்டம் தரையை விட்டு எழவில்லை. "ஒக்காந்துக்கிட்டு ஒங்களயேல்ல பாக்குது" என்றார் அவர், பீடியைப் பற்றவைத்தபடி. அந்தப் பார்வைக்காகத்தான் அவளிடமிருந்து ஈற்று எடுக்க முடிவு செய்தேன். நடுக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு மதித்திருக்க மாட்டேன். ஆசையே இல்லாத நாய் உட்கார்வதில் என்ன இருக்கிறது?

பயிற்சியால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்ற கேள்வி நியாயமானது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, அவற்றில் ஒரு பகுதியின் மரபணுவையும் படித்து வெளியான பெரிய ஆய்வில், தனி நாய்களுக்கிடையே காணும் குண வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வில், மனிதர் சொல்வதற்குச் செவிசாய்க்கும் குணம் மட்டும் மற்றக் குணங்களைவிட இனத்தோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, லாப்ரடார் என்ற பெயரை நம்பிக் குட்டி வாங்கக்கூடாது; அதன் தாயையும் தகப்பனையும், முடிந்தால் தாயின் உடன்பிறப்புகளையும், அவற்றின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சாம்பியன் பிளட்லைன் என்று பேப்பரில் ஐந்து தலைமுறைக்கு முன்னால் எழுதியிருக்கும் பெயர், இன்றைக்கு வாசலில் கட்டிக் கிடக்கும் தகப்பனைப் பற்றி எதையும் சொல்லாது.

குறிப்பாகத் தாயைப் பார்க்க வேண்டும். அச்சமுள்ள தாயின் குட்டிகள் முதல் வாரங்களிலேயே அவளைப் பார்த்து அச்சத்தைக் கற்கின்றன. அந்நியர் வந்தால் கொட்டகை மூலைக்கு ஓடும் பெட்டையை, எத்தனை அழகியாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு எடுக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

உடம்புக்கு வருவோம். இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தாத குறை இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. இரண்டு வயது நிறைந்தபின், மயக்க மருந்து கொடுத்துக் கால்களை நேராக நீட்டி எடுத்த எக்ஸ்ரேயில்தான் அது தெளிவாகத் தெரியும். நடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முழங்கை மூட்டுக்கும் படம் எடுக்க வேண்டும். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால், நல்ல இடுப்புள்ள இருவருக்கும் குறையுள்ள குட்டி பிறக்கலாம். ஆனாலும் வாய்ப்பு குறையும். எங்களுக்கு ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வசதி. டெல்டாவின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் இதற்காக ஒரு பகல் பயணம் செய்ய நேரிடலாம், செய்யத்தான் வேண்டும்.

இதைவிட வேலை வழிக்கென்றே நான் அதிகம் அஞ்சுவது, உடற்பயிற்சியால் தூண்டப்படும் சரிவு என்று சொல்லும் நோய். சுருக்கமாக இ.ஐ.சி. என்பார்கள். டி.என்.எம்.1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் இதற்குக் காரணம் என்பதை 2008இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மாற்றம் பெற்ற மரபணுவைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வாங்கிய குட்டிதான் பாதிக்கப்படும். சாதாரண நேரத்தில் அந்த நாயிடம் ஒரு குறையும் தெரியாது. உற்சாகத்தோடு 5 முதல் 20 நிமிடம் கடுமையாக ஓடியபின் பின்னங்கால்கள் தொய்ந்து, இழுத்து, சரிந்துவிடும். பெரும்பாலானவை சிறிது நேர ஓய்வில் எழுந்துவிடுகின்றன, சில எழுவதில்லை. சூடான, ஈரப்பதம் மிகுந்த வானிலை இதை மோசமாக்கும். நம் பக்கத்தில் சித்திரையில் ஒரு நாய் இப்படி விழுந்தால் "வெயில் அடிச்சுடுச்சு" என்று தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறந்துவிடுவோம், அடுத்த ஆண்டு அதே நாயைக் கிராஸ் போடவும் செய்வோம். ஒரு சொட்டு இரத்தமோ கன்னத்தின் உட்புறம் துடைத்த பஞ்சோ போதும், சோதனைக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கம் மரபணு சுத்தமாக இருந்தால் மறுபக்கம் ஒரு பிரதி சுமக்கும் நாயாக இருந்தாலும் பாதிக்கப்பட்ட குட்டி பிறக்காது. ஆகவே சுமக்கும் நாயை ஒதுக்கித் தள்ளவேண்டியதில்லை, ஜோடியைப் பார்த்துச் சேர்த்தால் போதும். கண்ணின் விழித்திரை மெல்ல அழியும் பி.ஆர்.ஏ. நோய்க்கும் இதே கணக்குத்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். சாக்லேட் நிறக் குட்டிக்கு எப்போதும் கிராக்கி. அந்த நிறம் வரத் தாய் தகப்பன் இருவரும் அதற்கான மரபணுவைத் தர வேண்டும். நிறத்துக்காகவே ஜோடி தேடும்போது தேர்வு வட்டம் சுருங்குகிறது. பிரிட்டனின் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சாக்லேட் லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டுகள், மற்ற நிறங்களுக்கு 12.1 ஆண்டுகள் என்று வந்தது. நிறமே நோய் தருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நிறத்தை முதலிலும் நாயை இரண்டாவதாகவும் பார்ப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன். 'சில்வர்' என்று விற்கப்படும் சாம்பல் நிற லாப்ரடாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால் விடுகிறேன்.

லாப்ரடாரின் பசி உலகப் பிரசித்தம். அதற்கு மரபணுக் காரணமும் உண்டு. பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கும் நாய்களுக்கு உண்டபின் வரவேண்டிய நிறைவு சரியாக வருவதில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது இருந்தது. உதவி நாய்களாகத் தேர்ந்தெடுத்தவற்றில் இன்னும் மிக அதிகம். உணவுக்காக எதையும் செய்யும் நாய் எளிதாகக் கற்கும் என்பதால், பயிற்றுநர்கள் தெரியாமலேயே அந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கலாம். வீட்டில் இதன் விளைவு என்னவென்றால், தாத்தா இட்லி தரும்போதும், பிள்ளை முறுக்கு தரும்போதும், நாய் ஒரே பட்டினிப் பார்வையைப் பார்க்கும். அந்தப் பார்வையை நம்பக்கூடாது. 24 ஜோடி லாப்ரடார்களை எடுத்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆயுள் முழுதும் உணவிட்ட ஆய்வில், குறைவாக உண்டவை இடைநிலையில் 13 ஆண்டுகளும், மற்றவை 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று குட்டி வாங்குபவர்களிடம் சொல்கிறேன். அதோடு, குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள் என்றும் சொல்கிறேன். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிக்குச் சரிவிகித உணவுக்கு மேல் ஊற்றும் கால்சியம் எலும்பைக் கெடுக்கும். எலும்பு பலப்படட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

இனி, இந்த மண்ணில் இந்த நாயை வைத்திருப்பது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்கக்கூடாது என்று பட்டியலிட்டது. லாப்ரடார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அது இரட்டை மயிர்ப் போர்வை போர்த்திய நாய். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கிறது, காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. மதுரையின் காய்ந்த வெயிலைவிட நம் பக்கத்துப் புழுக்கம் நாய்க்குக் கொடிது. கோடையில் என் நாய்களுக்கு வேலை என்பது விடிவதற்கு முன்னும், பொழுது சாய்ந்து தரை ஆறியபின்னும் மட்டுமே. நாக்கு அகன்று நுனி சுருண்டு தொங்கினால், ஈறு செங்கல் நிறத்துக்கு வந்தால், அன்றைய பயிற்சி முடிந்தது.

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து, சில நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, வாய்க்கால்கள் நிறையும்போதுதான் எங்களுக்குப் பயிற்சிப் பருவம் தொடங்குகிறது. ஜனவரி 28 வரை, முறை வைத்து விட்டாலும், எங்காவது தண்ணீர் இருக்கும். முறைத் தண்ணீர் வேகமாக வரும் நாளில் பெரிய வாய்க்காலில் நாயை இறக்கக்கூடாது; மதகுக்கு அருகே எந்த நாளிலும் கூடாது. அறுவடைக்குப் பின் வயல் காலியாகக் கிடக்கிறது என்று நாயை அவிழ்த்து விடுபவர்கள், அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து தாளுக்கு நடுவே முளைத்துக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. உழவரைக் கேட்டு, அவர் காட்டும் தரிசில்தான் பயிற்சி. ஊரோடு பகை வாங்கிக்கொண்டு நாய் வளர்க்க முடியாது.

வயல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீரில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அபாயம் கூடும் என்பதால், லெப்டோ சேர்ந்த தடுப்பூசியை மழைக்கு முன்பே ஆண்டுதோறும் போட்டுவிட வேண்டும். எலிக்காக வரப்பில் வைக்கும் மூங்கில் பொறியான தஞ்சாவூர்க் கிட்டி நாயின் காலையும் மூக்கையும் இறுக்கும். மாலையில் வைத்த கிட்டிகளை எடுத்துப் போகும்வரை அந்த வரப்பில் நான் நாயை விடுவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, எலி மருந்து கலந்து வளையோரம் போட்ட அரிசி. எதைக் கண்டாலும் வாயில் போடும் இனத்துக்கு, கீழே கிடப்பதை விட்டுவிடு என்ற சொல்தான் மற்ற எல்லாச் சொற்களுக்கும் முன்னால் கற்பிக்க வேண்டியது. உண்ணிக் காய்ச்சல் டெல்டாவில் ஆண்டு முழுதும் உண்டு. சாப்பாட்டில் ஆர்வம் குறைந்த லாப்ரடாரை ஒரு வேளைக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்காமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போவது என் வழக்கம்.

பெட்டை சினைப்பருவத்துக்கு வரும் மாதத்தை நாம் தீர்மானிக்க முடியாது. ஒரு முறை வேண்டாம் என்று விட்டுவிடலாம், அவ்வளவே. முடிந்தவரை மார்கழி, தை மாதங்களில் குட்டி போடும் ஈற்றையே எடுக்கிறேன். மழையின் சேறு ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் வந்திருக்காது, குட்டிகள் புது வீட்டுக்குப் போய்ப் பழகிய சில வாரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்துவிடும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று விரல்விட்டு எண்ணிக் கிராஸ் போடுவதைவிட, இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு பார்த்து நாள் குறிப்பது நிச்சயமானது. பிறகு குட்டி போடும் 63 நாள் கணக்கும் பிசகாது.

1950, 60களில் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் செய்த ஆய்வுகளிலிருந்து, குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலம் அது உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று அறிந்திருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் குட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. கொட்டகையில் வளர்த்து எட்டாம் வாரம் கழுவித் துடைத்துக் கொடுப்பவர் அந்தப் பாதியைத் திருடிக்கொள்கிறார் என்றே சொல்வேன். என் குட்டிகள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே வளர்கின்றன. மிக்சி, குக்கர் விசில், அறுவடை மெஷின், குடையோடு வருகிறவர், தடி ஊன்றி நடக்கும் பாட்டி, கன்றுக்குட்டி எல்லாம் அவற்றுக்குச் சாதாரணமாகிவிட வேண்டும். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவுக்கு உரிய தடுப்பூசி முழுமையாகாத வயதில் தெருத் தரையில் இறக்கக்கூடாது என்பதால், ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கூடையை வைத்து இரண்டிரண்டாகக் கூட்டிப் போய், டீக்கடை பெஞ்சில் மடியில் வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் முதல் பேருந்து ஹாரன் வரை அங்கே எல்லாப் பாடமும் நடந்துவிடும். பெட்டிக்கு வெளியே பழைய சாக்கு, ஓலை, மணல், கால் நனையும் ஆழத்துக்குத் தண்ணீர் விட்ட அகலத் தட்டு என்று தினம் ஒன்று மாறும்.

ஆறாவது வாரத்திலிருந்து குட்டியைத் தனியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து முடிச்சிட்ட துணி ஒன்றை உருட்டி விடுவேன். ஓடிப்போய்க் கவ்வுவது எல்லாக் குட்டியும் செய்யும். கவ்வியபின் என்னிடம் வருகிறதா, கட்டிலுக்கு அடியில் போகிறதா என்பதைக் குறித்துக்கொள்கிறேன். கொண்டுவரும் குட்டியிடமிருந்து துணியை உடனே பிடுங்குவது கூடாது. அது என் மடியில் துணியோடு சிறிது நேரம் இருக்கட்டும். கழுத்தைத் தடவிக் கொடுத்து, ஒரு துண்டு கோழிக்கறியை நீட்டினால் தானே விடும். கொண்டுவந்தால் இழப்பு இல்லை என்று அந்த வயதில் தெரிந்துகொண்ட நாய், பிற்காலத்தில் செருப்பைக் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடாது. இந்த ஒரு சோதனையை வைத்து நாயின் எதிர்காலத்தை எழுதிவிட முடியாது. ஏழாம் வாரத்தில் மதிப்பெண் போட்டுக் குட்டி பிரிக்கும் முறைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் தினமும் பார்த்துவருபவருக்கு எந்தக் குட்டி எந்த வீட்டுக்கு என்று ஒரு வாசனை தெரியும். ஆகவே குட்டியை வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை, நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகமான மனத்தாங்கல் வருகிறது. சுறுசுறுப்பான வீடு என்றால் பெரிய இடம் என்று பலரும் எண்ணுகிறார்கள். "அக்கா, பத்து ஏக்கர் தோப்பு, சுத்தி கம்பி வேலி. ஓடியாட எடத்துக்குக் கொறச்சலே இல்ல" என்றார் ஒருவர். "தோப்புல நீங்க இருப்பீங்களா தம்பி?" என்று கேட்டேன். "நாங்க தஞ்சாவூர்ல. அங்க ஆளு இருக்கான், சோறு வச்சுருவான்." அவருக்குக் குட்டி கொடுக்கவில்லை, அவர் தேடுவது காவல் நாய், அதற்கு இந்த வழி பொருத்தமில்லை என்று சொன்னேன், வருத்தத்தோடுதான் போனார். பத்து ஏக்கரில் தனியாக விடப்பட்ட இந்த நாய் பத்து ஏக்கரையும் தோண்டும். அதே ஈற்றில் ஒரு குட்டி கும்பகோணத்தில் நெருக்கமான தெருவில், கொல்லை நீண்ட ஓட்டு வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியிடம் போனது. காலையும் மாலையும் காவிரிக் கரையில் நடக்கிறார்கள். பால் பாக்கெட்டை வாசலிலிருந்து எடுத்துவருவது நாயின் உத்தியோகம். பேரன் விடுமுறைக்கு வந்தால் தொலைத்த பந்தையெல்லாம் தேடிக் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த சுறுசுறுப்பான வீடுகளில் அது ஒன்று.

சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. மைக்ரோசிப் பொருத்த வேண்டும். முப்பது நாளில் குட்டியைத் துணிப்பையில் வைத்துப் பேருந்து நிலையத்தில் கைமாற்றுபவர்களிடம் வாங்காமல் இருந்தாலே அந்த வியாபாரம் பாதி ஓய்ந்துவிடும். என்னிடம் வாங்குபவர் எந்தக் காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், எந்த வயதிலும், நாய் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். அதனால்தான் அடிக்கடி ஈற்று எடுப்பதில்லை. திரும்பி வந்தால் படுக்க இடம் வேண்டும் அல்லவா.

இந்த மார்கழிக்குக் கறுப்புப் பெட்டையிடம் ஈற்று எடுக்க எண்ணியிருக்கிறேன். அவள் இ.ஐ.சி. சோதனையில் சுத்தம், இடுப்பும் முழங்கையும் சரி. கொஞ்சம் அவசரக்காரி, சொல்வதற்குள் பாதி தூரம் போய்விடுவாள். ஆகவே தகப்பனாக அமைதியான, வயதில் மூத்த மஞ்சள் நாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவன் இரண்டு நாள் என் வீட்டில் தங்கியபோது, முதல் நாளே திண்ணையில் இடம்பிடித்துப் படுத்தான்; மட்டையைத் தண்ணீரில் எறிந்தால் எழுந்து, என்னைப் பார்த்து, போகலாம் என்ற பிறகே இறங்கினான். அவனுடைய முந்தைய ஈற்றிலிருந்து திருவாரூரில் இருக்கும் இரண்டு பிள்ளைகளையும் போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டும் வந்தவர்களைக் குரைத்து வரவேற்றுவிட்டு அடங்கிப் படுத்துக்கொண்டன. அவனுடைய கண் சோதனை முடிவு மட்டும் வரவேண்டியிருக்கிறது. அது வந்து, பெட்டையும் சினைப்பட்டது ஸ்கேனில் உறுதியான பிறகுதான் யாருடைய பெயரையும் குறித்துக்கொள்வேன். அதற்குமுன் முன்பணம் அனுப்ப வேண்டாம்.